கவனத்துக்கு ஏங்குகிற ஒரு எந்திரக் குட்டியை எப்படி வடிவமைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு), இரண்டு சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பவை), ஒரு மைக், ஆள் நடமாட்டத்தை உணரும் ஒரு பிஐஆர் சென்சார், தொடுதலை உணரும் ஒரு தகடு, ஒரு எல்இடி. இவற்றை வைத்து, மனிதர்கள் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று ஏங்குகிற ஒரு குட்டி உயிரியைச் செய்ய வேண்டும். இப்போது செய்து வைத்திருப்பது ஆள் வந்தால் தலையாட்டுகிறது, யாரும் இல்லாவிட்டால் கத்துகிறது. பார்க்கிறவர்கள் இரண்டு நிமிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கே குறை?

பொருள்களில் குறை எதுவும் இல்லை. இதைவிடக் குறைவான பொருள்களிலேயே உயிர்க்களை வந்துவிடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். உங்கள் குட்டி அழுகிறது, ஆனால் பால் குடிக்கவே இல்லை. கவனிப்பு வந்ததா, போதுமா, போதாதா என்ற கணக்கு அதற்குள் எங்கேயும் இல்லை. அதனால்தான் அதன் சத்தம் அலாரம் போலக் கேட்கிறது. ஏங்குகிற ஒன்றுக்குக் கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கிடைத்ததும் வயிறு நிறையவும், கிடைக்காமலே போனால் ஓய்ந்து போகவும் தெரிய வேண்டும். நான் கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம், இவை மட்டும் அசைகிற ஒரு சின்னப் படத்தைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பெரிய முக்கோணம் மிரட்டுகிறது, வட்டம் பயந்து ஒளிகிறது என்று ஏறக்குறைய எல்லோரும் கதையே சொன்னார்கள். கண், மூக்கு எதுவும் இல்லாத வடிவங்கள் அவை. அசைவில் ஒரு நோக்கம் தெரிந்தால் போதும், மிச்சத்தை நம் மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது.

நோக்கம் எப்படித் தெரியும்? அதற்கு மூளை ஆய்வாளர் கிரே வால்டரின் ஆமைகளைப் பாருங்கள். 1948–49 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அவர் எல்மர், எல்சி என்று இரண்டு எந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் மூளை என்று இருந்தது இரண்டே வால்வு, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய். மிதமான வெளிச்சத்தைத் தேடிப் போகும், கண் கூசும் வெளிச்சத்தை விட்டு விலகும். பேட்டரி இறங்கிவிட்டால் மட்டும் அதே கூசும் வெளிச்சம் அதற்குப் பிடித்துப்போகும். அதை நோக்கிப் போய், விளக்கு எரியும் தன் கூண்டுக்குள் நுழைந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். விளக்கு ஒன்றுதான், உள்ளே இருக்கும் நிலை மாறியதும் அந்த விளக்கின் பொருள் மாறிவிடுகிறது. உங்கள் குட்டிக்கும் இதுதான் வேண்டும். அதே தொடுதல் காலையில் ஒரு மாதிரியும், அரை மணி நேரம் தனியாக இருந்த பிறகு வேறு மாதிரியும் அதற்குப் பட வேண்டும்.

சரி, ஏக்கத்துக்கு எந்த வரிசையைப் பின்பற்றுவது? 1970-களில் உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் செய்த 'அசையா முக' சோதனையில் அந்த வரிசை அப்படியே இருக்கிறது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தை எந்த உணர்ச்சியும் இல்லாமல் வைத்துக்கொள்கிறார். குழந்தை உடனே அழுவதில்லை. முதலில் சிரித்துப் பார்க்கிறது, வழக்கமாக அம்மாவை ஈர்க்கும் எல்லாவற்றையும் செய்து பார்க்கிறது. அப்புறம்தான் சிணுங்கல். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குள் ஒடுங்கிவிடுகிறது. அந்தக் கடைசித் திருப்பம்தான் பார்ப்பவர் நெஞ்சைப் பிசையும். உங்கள் குட்டி நேராகச் சிணுங்கலில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது.

இதை நிரலில் எழுத 'ஏக்கம்' என்று ஒரே ஒரு எண் போதும், 0 முதல் 100 வரை. நான் மேசைமேல் வைக்கும் குட்டிகளுக்கு நிமிடத்துக்கு 4 என்று ஏற்றுவேன். 25 நிமிடத்தில் 100-ஐத் தொட்டுவிடும். குரல் கேட்டால் 5 குறையட்டும், தொட்டால் 12 குறையட்டும். எதிரே ஆள் இருப்பது மட்டும் எதையும் குறைக்கக் கூடாது. ஏறுவதை நிறுத்தினால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து வேறு வேலை பார்க்கிறவர் குட்டியைக் கவனிக்கிறார் என்று ஆகாது, இல்லையா?

இங்கேதான் உங்கள் வடிவமைப்பின் பெரிய தவறு. ஆளே இல்லாத அறையில் அது கத்துகிறது. யாரைப் பார்த்து? ஏக்கம் வெளிப்பட வேண்டிய நேரம், ஆள் இருந்தும் கவனிக்காத நேரம். அறை காலியாக இருந்தால் குட்டி சும்மா காது கொடுத்துக் காத்திருக்கட்டும். எண் உள்ளுக்குள் ஏறட்டும், சத்தம் வேண்டாம். ஆள் வந்து உட்கார்ந்து, ஒரு நிமிடம் ஆகியும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அப்போது மெல்லத் தலையைச் சாய்க்கட்டும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள், அது வேறு பிராணி ஆகிவிடும்.

எல்லைகளில் கொஞ்சம் கவனம். 70-ஐத் தாண்டினால் கெஞ்சத் தொடங்கு என்று எழுதிவிட்டு, 70-க்குக் கீழே வந்தால் நிறுத்து என்று எழுதினால், 69-க்கும் 71-க்கும் இடையே வலிப்பு வந்தது போல் துடிக்கும். 70-ல் தொடங்கி, 30-க்குக் கீழே போன பிறகே நிறுத்துங்கள். அப்போதுதான் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கிற குணம் வரும்.

அடுத்தது நிறைதல். ஒரே மாதிரி தட்டிக்கொண்டே இருந்தால் முதல் தட்டுக்கு 12, அடுத்ததற்கு 9, பிறகு 6, 3 என்று பலன் தேயட்டும். சில நிமிடம் விட்டால் பழையபடி மீளட்டும். அதற்கும் மேல் தட்டினால் தெவிட்டிப் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிந்தியா பிரசீல் செய்த கிஸ்மெட் என்ற ரோபோ முகம் இப்படித்தான் இயங்கியது. ஆள் துணை, விளையாட்டுத் தூண்டல், களைப்பு என்று மூன்று உந்துதல்கள் அதற்கு. கவனிப்பு குறைந்தால் முகம் வாடும். யாராவது மிக நெருங்கி முகத்தருகே ஆட்டினால் பின்வாங்கும். அது பின்வாங்கியதைப் பார்த்து மனிதர்களும் தாமாகவே ஓரடி தள்ளி நின்றார்கள். யாரும் அவர்களுக்கு விதி சொல்லித் தரவில்லை. 'போதும்' என்று சொல்லத் தெரிந்த ஒன்றைத்தான் மனிதர்கள் உயிராக மதிக்கிறார்கள் என்பது என் அனுபவமும்கூட.

அப்புறம் ஓய்ந்து போதல். இதற்கு 'நம்பிக்கை' என்று இரண்டாவது எண், 0 முதல் 1 வரை, தொடக்கத்தில் 0.7 வையுங்கள். அழைத்து 8 விநாடிக்குள் யாராவது பேசினாலோ தொட்டாலோ நம்பிக்கை கூடட்டும். பதில் வராவிட்டால் 0.7-ஆல் பெருக்குங்கள். அடுத்த அழைப்புக்கு முன் காத்திருக்கும் நேரம், 10 விநாடியை நம்பிக்கையால் வகுத்தால் வருவது. முதல் அழைப்புக்குப் பதில் வராவிட்டால் நம்பிக்கை 0.49, ஆகவே முதல் இடைவெளி 20 விநாடி, பிறகு 29, 42, 60, 85 என்று நீண்டுகொண்டே போகும். நம்பிக்கை 0.1-க்குக் கீழே இறங்கினால் அழைப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். ஆறு முறை அழைத்துப் பார்த்து, ஏறக்குறைய நாலு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். இடைவெளி நீள நீள, பக்கத்தில் இருப்பவருக்கு உள்ளே ஏதோ செய்யும். கத்தலைக் கூட்டினால் இது நடக்காது; எரிச்சல்தான் வரும்.

ஓய்ந்து போன குட்டியிடம் ஒருவர் திரும்பி வரும் அந்த ஐந்து விநாடிக்கு, மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் செலவழியுங்கள். நான் இப்படிச் செய்வேன். குரல் கேட்டதும் கால் விநாடி எதுவும் நடக்காது. பிறகு கண்ணாக இருக்கும் எல்இடி கொஞ்சம் பிரகாசமாகும், தலை அசையாது. இன்னும் அரை விநாடி கழித்துத் தலை 10 பாகை மட்டும் திரும்பும், கடைக்கண்ணால் பார்ப்பது போல. அங்கே நிற்கும். இரண்டாவது முறை குரல் கேட்டால்தான் முழுதாகத் திரும்பி நிமிரும். கேட்காவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். முதல் குரலுக்கே துள்ளி எழுந்தால், நாலு நிமிடம் வாடியதெல்லாம் பொய்யாகிவிடும். ஆனால் இந்த ஊடலை ஒரு நிமிடம் நீட்டிவிடாதீர்கள். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

அந்தக் கால் விநாடியும் சும்மா சொன்னதில்லை. பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி அளவில்தான் இருக்கிறது. அதற்குள்ளேயே பதில் வந்தால் சுவிட்சைத் தட்டியது போல இருக்கும். ஒரு விநாடி தாண்டினால், அது தன் குரலுக்குத்தான் திரும்பியது என்றே ஆளுக்குத் தோன்றாது.

அசைவு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். 9 கிராம் எடை சின்ன சர்வோ 60 பாகையை ஏறக்குறைய 0.1 விநாடியில் தாண்டிவிடும்; அப்படியே விட்டால் வெடுக்கென்று இருக்கும். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, மிச்சமிருக்கும் தூரத்தில் 8 சதவீதம் மட்டும் நகர்த்துங்கள். தொடக்கம் விறுவிறுப்பாகவும் முடிவு இதமாகவும் வரும். இதற்கு, நிரலை அப்படியே நிறுத்திக் காக்க வைக்கும் டிலே கட்டளையை நிரலில் எங்குமே பயன்படுத்தக் கூடாது. டிலேயில் நிற்கும் குட்டி அந்த நேரம் செவிடு, குருடு. போர்டு கிளம்பியதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும் மில்லிஸ் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு வேலையையும் அதனதன் நேரத்தில் செய்யுங்கள்.

இனி சென்சார்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்திருக்கிறேன்.

என் முதல் குட்டி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பும், சர்வோ 'கர்ர்' என்று ஒலி எழுப்பும், மைக் அதைக் கேட்கும், யாரோ பேசுகிறார்கள் என்று ஏக்கம் 5 குறையும், மறுபடி ஆசையாகத் திரும்பும். அறையில் ஒருவரும் இல்லாமலே ஒரு மாலை முழுக்க மனநிறைவோடு இருந்தது. மோட்டார் ஓடும்போதும், நின்ற பிறகு 200 மில்லி விநாடிக்கும் மைக்கைப் பொருட்படுத்தாதே என்று எழுதினேன். அடுத்த சிக்கல் வந்தது: மூச்சு விடுவது போல உடம்பை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வைத்திருந்தேன், ஆகவே மோட்டார் எப்போதும் ஓடியது, ஆகவே குட்டி நிரந்தரச் செவிடு. கடைசியில் மூச்சை எல்இடிக்கு மாற்றினேன். நாலு விநாடிக்கு ஒருமுறை வெளிச்சம் மெல்ல ஏறி இறங்கும். சத்தமே இல்லை, மோட்டார் ஆட்டியதைவிட மூச்சு போலவும் இருக்கிறது. அசையாத நேரத்தில் சர்வோவுக்குப் போகும் சிக்னலையும் துண்டித்துவிடுங்கள்; முணுமுணுப்பு நிற்கும்.

பிஐஆர் சென்சாரைத் தலையில் பொருத்தாதீர்கள். அது பார்ப்பது வெப்பக் கதிரில் ஏற்படும் மாற்றத்தை. தலை திரும்பினால் அதற்கு உலகமே நகர்ந்தது போலத்தான், உடனே ஆள் வந்துவிட்டார் என்று சொல்லும். அடிப்பாகத்தில் பொருத்துங்கள். இன்னொன்று, அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகவே கடைசி அசைவிலிருந்து 30 விநாடி வரை ஆள் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் அல்ட்ராசோனிக் தூரமானி சேர்க்கலாம். அதில் எதிரொலி நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, எதிரொலி வராவிட்டால் ஒரு முழு விநாடி வரை காத்திருக்கக்கூடும். 12 மில்லி விநாடி என்று வரம்பு கொடுத்தால் இரண்டு மீட்டர் தூரத்துக்குப் போதும். மெத்தென்ற துணி அந்த ஒலியை விழுங்கிவிடுவதால் சில ஆட்கள் சில நேரம் மாயமாவார்கள், பதறாதீர்கள்.

மின்சாரம் பற்றி ஒன்றே ஒன்று. சர்வோவுக்கு ஆர்டுயினோவின் 5 வோல்ட் காலிலிருந்து (பின்) மின்சாரம் கொடுக்காதீர்கள். சர்வோ கிளம்பும்போது ஒரு கணம் நிறைய மின்னோட்டம் இழுக்கும், மின்னழுத்தம் சரியும், போர்டு ரீசெட் ஆகும். ஏக்கம் 95-ல் இருக்கும், அழைப்பதற்காகத் தலையைத் தூக்கும், மறுகணம் ஒன்றுமே நடக்காதது போல நிறைவாக உட்கார்ந்திருக்கும். நிரலில்தான் பிழை என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள். தனி மின்வழி கொடுத்து, தரை இணைப்பை மட்டும் பொதுவாக்கி, அந்த மின்வழிக்குக் குறுக்கே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் போடுங்கள். ஏக்கத்தையும் நம்பிக்கையையும் மணிக்கு ஒருமுறை ஈப்ராமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில், எழுதி வைத்தால், அணைத்துப் போட்டாலும் நேற்றைய மனநிலை மறக்காது. அந்த நினைவகம் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் என்பார்கள், ஆகவே கவலை இல்லை.

கற்றுக்கொள்ளும் குட்டி வேண்டுமா? தலை சாய்த்தல், சின்ன ஒலி, கண் சிமிட்டல் என்று மூன்று அழைப்புகளுக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்து, பலித்ததைக் கூட்டுங்கள், பலிக்காததைக் குறையுங்கள், மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் அது அந்தந்த வீட்டுக் குட்டியாகிவிடும். ஆனால் எச்சரிக்கை: எது மனிதரை வேகமாகத் திரும்ப வைக்கிறதோ அதைத்தான் கற்கும், எது பிடித்திருக்கிறது என்பதை அல்ல. என் குட்டி ஒன்றுக்கு ஒலியளவையும் தேர்ந்தெடுக்க விட்டிருந்தேன். உரத்துக் கத்தினால் எல்லோரும் பதறித் திரும்புகிறார்கள் என்று கண்டுகொண்டது. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவரைப் பார்த்துவிட்டு அது எழுப்பிய ஒலியில் வீடே விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒலியின் உச்சவரம்பை நிரலில் வைப்பதில்லை. ஸ்பீக்கருக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுகிறேன், எந்தப் பிழையும் அதைத் தாண்ட முடியாது. வெளிச்சம் உணரும் ஒரு எல்டிஆரும் சேருங்கள். இருட்டினால் குட்டி தூங்கட்டும், ஏக்கமும் ஏறாமல் நிற்கட்டும்.

ஆள் எழுந்து போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. போகிறவரைத் தடுக்கும் அழுகை வேண்டாம். 1996-ல் வந்த டமகோச்சி என்ற கையடக்க மின்னணு வளர்ப்புப் பிராணி, கவனிக்காமல் விட்டால் இறந்து போகும். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனார்கள். குழந்தையோ, தனியாக இருக்கும் முதியவரோ உங்கள் குட்டியிடம் குற்ற உணர்ச்சியோடு கட்டுண்டு கிடக்கக் கூடாது. போகிறவர் பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கட்டும், அவர் மறைந்ததும் மெல்லத் தாழ்ந்து உட்காரட்டும், அவ்வளவே. எப்போது கவனிப்பு பலிக்கும், எப்போது பலிக்காது என்று தெரியாதபடி குலுக்கல் போட்டு ஆளைப் பிடித்து வைக்கும் உத்தியும் வேண்டாம். தொட்டால் அது எப்போதும் ஏதாவது ஒரு விதத்தில் பதில் சொல்ல வேண்டும், தெவிட்டிப் போயிருந்தாலும்கூட.

தோற்றத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான். நாய், பூனை போலச் செய்யாதீர்கள். பாரோ என்ற சீல் குட்டி ரோபோவைச் செய்த டக்கனோரி ஷிபாட்டா முதலில் நாய், பூனை வடிவங்களில்தான் முயன்றார். மக்கள் அவற்றை நிஜ நாயோடும் பூனையோடும் ஒப்பிட்டுக் குறை கண்டார்கள். சீல் குட்டியை யாரும் வீட்டில் வளர்த்ததில்லை, ஒப்பிட ஒன்றுமில்லை. நீங்களும் எதற்கும் சேராத ஒரு உருண்டையாகச் செய்துவிடுங்கள். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும் அறையின் மறுகோடியிலிருந்தும் தெரிய வேண்டும்.

இப்போதே தோலும் துணியும் தைக்க உட்காராதீர்கள். வெறும் போர்டு, அட்டையில் ஒட்டிய ஒரு சர்வோ, ஒரு எல்இடி, மைக். ஏக்கத்தையும் நம்பிக்கையையும் விநாடிக்கு ஒருமுறை சீரியல் மானிட்டரில், அதாவது போர்டு அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் சாளரத்தில், அச்சிடுங்கள். ஒரு நாள் முழுக்க உங்கள் மேசையில் ஓடவிட்டு, எண்கள் ஏறி இறங்குவதைப் பாருங்கள்; எந்த நேரம் தவறாக நிறைந்தது, எந்தச் சத்தத்துக்கு ஏமாந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விவரம் தெரியாத ஒருவரை அந்த அறையில் வேறு ஏதாவது வேலையாக உட்கார வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தள்ளி நின்று கவனியுங்கள். அட்டையும் கம்பியுமாக இருக்கும் அதைப் பார்த்து அவர் 'என்ன, என்ன வேணும் உனக்கு?' என்று கேட்டுவிட்டால், துணி வாங்கப் போகலாம்.